இரண்டு பல் எடுத்தும் தீராத முகவலி: 14 மாதங்கள் ஆகின்றன, மூன்றாவது பல்லையும் எடுக்கலாமா?

தக்கலை டீச்சர் | ஜூலை 18, இரவு 9.40

வணக்கம். எனக்கு வயது 46. தக்கலை அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. இடது கன்னத்தில் 14 மாதங்களாக வலி. கால் உளைகிறது என்று நம் ஊரில் சொல்வோமே, நெடுந்தூரம் நடந்துவிட்டு இரவில் படுக்கும்போது எலும்புக்குள் இருந்து வரும் அந்த உளைச்சல். அதை அப்படியே பெயர்த்து முகத்தில் வைத்தது போல இருக்கிறது. காலையில் லேசாகத் தொடங்கும். நான்காவது பாடவேளைக்குள் கண்ணுக்குக் கீழே வரை ஏறிவிடும். சுள்ளென்று குத்தாது, வெட்டி இழுக்காது. ஆனால் விடாது.

மேல் வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தை இருந்தது. வேர் சிகிச்சை செய்து கேப் போட்டார்கள். வலி போகவில்லை. அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். ஒரு வாரம் நிம்மதி. பிறகு பக்கத்துப் பல்லில் அதே வலி. அதையும் பிடுங்கினார்கள். இப்போது பல்லே இல்லாத இடம் வலிக்கிறது. சைனஸ் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மூளை எம்.ஆர்.ஐ.யிலும் ஒன்றும் இல்லை. கடைசியாகப் பார்த்த மருத்துவர் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒன்றும் இல்லை டீச்சர், மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்றார். வெளியே வந்து பஸ் நிலையத்தில் நின்று அழுதேன். ஒன்றும் இல்லை என்றால் இது என்ன?

மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி, "டீச்சர், ஏன் எப்போதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்துகிறீர்கள்?" என்று கேட்டாள். அப்படிச் செய்கிறேன் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இன்னொரு இடத்தில் மூன்றாவது பல்லையும் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா?

குளச்சல் அலை | ஜூலை 18, இரவு 10.15

டீச்சர், வியாழக்கிழமை போகாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

என் அம்மாவுக்கும் முகவலி இருந்தது. மீன் கூடை சுமந்து ஊர் ஊராக விற்றவர். உதட்டோரத்தில் இருந்து காதை நோக்கி மின்சாரம் பாய்ந்தது போல ஒரு வெட்டு. இரண்டு நொடி, மூன்று நொடி, அவ்வளவுதான். ஆனால் அந்த நொடியில் கூடையைக் கீழே போட்டுவிடுவார். முகம் கழுவினால் வரும், சோறு மென்றால் வரும், ஆடிக் காற்று கன்னத்தில் பட்டாலே வரும். துண்டால் முகத்தைச் சுற்றி, கண் மட்டும் தெரிய நடப்பார். அவருக்கும் இரண்டு பல் போனது. பிறகுதான் முக்கிளை நரம்பு வலி என்று பெயர் சொன்னார்கள். கார்பமசிபைன் மாத்திரை கொடுத்தார்கள். சில நாட்களிலேயே அம்மா துண்டை அவிழ்த்தார். உங்களுடையதும் அதுதானா?

மார்த்தாண்டம் பல் மருத்துவர் | ஜூலை 18, இரவு 11.30

டீச்சர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நேரில் பார்க்காமல் நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் குளச்சல் அம்மாவின் வலியும் உங்கள் வலியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகத் தெரியவில்லை. அதை விளக்க வேண்டியது என் கடமை. ஏனென்றால் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பல்லைப் பிடுங்குவது எங்கள் துறையில்தான் நடக்கிறது.

முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோவது முக்கிளை நரம்பு. ஒரு கிளை நெற்றிக்கு, ஒன்று கன்னத்துக்கும் மேல் பற்களுக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கு. அம்மாவுக்கு வந்த வலி இந்தக் கிளைகளில் ஒன்றின் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். மின்னல் போல வெட்டும், ஒரு நொடிக்கும் குறைவாகத் தொடங்கி இரண்டு நிமிடம் வரை நிற்கும், தொட்டால் கிளம்பும். பெரும்பாலும் மூளைத் தண்டுக்கு அருகே ஒரு ரத்தக்குழாய் நரம்பை அழுத்துவதுதான் காரணம். கார்பமசிபைன் அதற்கு நன்றாகக் கேட்கும். (அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தோலில் தடிப்பு வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். ரத்தத்தில் சோடியம் குறைகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

டீச்சருடைய வலி தடம் பிடித்து ஓடவில்லை. கன்னம் முழுவதும் பரவுகிறது, எல்லை காட்ட முடியவில்லை. தினமும் வருகிறது, மணிக்கணக்கில் நிற்கிறது, மந்தமாக உளைகிறது, சோதனைகளில் எதுவும் தெரியவில்லை. 1924-இல் ஃபிரேசியர், ரசல் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளைத் தனியாகப் பிரித்து எழுதினார்கள். பல காலம் இதை 'வழக்கத்துக்கு மாறான முகவலி' என்று அழைத்தார்கள். இன்று தலைவலிகளுக்கான பன்னாட்டு வகைப்பாட்டில், 2018-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில், 'காரணம் அறியப்படாத தொடர் முகவலி' என்று இதற்குத் தனி இடம் இருக்கிறது. நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல், 3 மாதத்துக்கு மேல், நரம்புப் பரிசோதனையில் குறை இல்லை, பல்லில் காரணம் இல்லை. இவையே அதன் அடையாளங்கள். ஒரு சிறு சிகிச்சைக்குப் பிறகோ அடிபட்ட பிறகோ தொடங்குவதும் இதில் உண்டு. நூறு ஆண்டுகளாக மருத்துவம் எழுதிவைத்திருக்கும் வலி இது. உங்களுக்கு "ஒன்றும் இல்லை" என்று சொன்னவர் தவறாகச் சொன்னார்.

வியாழக்கிழமை பற்றி ஒன்று. பல்தான் காரணம் என்றால் மரத்துப்போகும் ஊசி போட்டதும் அந்த நேரத்துக்காவது வலி தெளிவாக அடங்கும். அடங்கவில்லை என்றாலோ, அரைகுறையாக அடங்கினாலோ, அந்தப் பல்லில் கை வைக்கக் கூடாது. பிடுங்கிய பல் திரும்பி வராது. ஒவ்வொரு முறை வெட்டும்போதும் நரம்புக்கு இன்னொரு காயம், வலிக்கு இன்னொரு காரணம்.

சில கேள்விகள். கன்னம் எங்காவது மரத்திருக்கிறதா? வாய் திறந்தால் தாடை ஒரு பக்கம் இழுக்கிறதா? காது கேட்பது குறைந்ததா, பொருள்கள் இரட்டையாகத் தெரிகின்றனவா, எடை குறைந்ததா, வாயில் ஆறாத புண் இருக்கிறதா? மாடிப்படி ஏறும்போது மட்டும் தாடை வலித்து, நின்றால் அடங்குகிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் இந்த விவாதத்தை விட்டுவிட்டு நாளை காலையிலேயே மருத்துவமனைக்குப் போங்கள். கடைசியில் சொன்னது இதயத்தின் வலியாக இருக்கலாம்.

தக்கலை டீச்சர் | ஜூலை 19, காலை 5.50

டாக்டர், எல்லாவற்றுக்கும் 'இல்லை'. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தாடை வலிப்பதில்லை. எடை கூடித்தான் இருக்கிறது. வியாழக்கிழமைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

14 மாதங்களில் இந்த வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று முதல் முறையாகக் கேட்கிறேன். இரவு இதைப் படித்துவிட்டு வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன்.

வேளிமலை அடிவாரம் | ஜூலை 19, காலை 8.20

அக்கா, நம் மாவட்டத்தில் பிறந்துவிட்டு வர்மம் பற்றி, உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியம் பற்றி, யாரும் பேசவில்லையே. 108 வர்மங்களில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று கணக்கு வைத்து, தலைமுறை தலைமுறையாக ஆசான்மார் பார்த்துவரும் மண் இது. ஒரு நல்ல ஆசானிடம் தடவினால் ஒரே வாரத்தில் எடுபடும்.

ஆசான் பேரன் | ஜூலை 19, காலை 11.05

வேளிமலை அண்ணன் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் தாத்தா ஆசான். அவர் திண்ணையில் உட்கார்ந்து எண்ணெய் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். அதனால்தான் சொல்கிறேன், 'ஒரே வாரம்' என்ற பேச்சை விடுங்கள். தாத்தா யாரையும் தொடுவதற்கு முன்னால், எப்போது அடி பட்டது, எதில் இருந்து விழுந்தாய் என்று அரை மணி நேரம் கேட்பார். அடியும் இல்லை, சதைப் பிடிப்பும் இல்லை என்றால், "இது என் கைக்கு உரியது இல்லை" என்று அனுப்பிவிடுவார். தலையிலும் முகத்திலும் பலமாக அழுத்த விடமாட்டார். இன்று பலகை மாட்டியிருக்கும் எல்லோருக்கும் அந்த நிதானம் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது.

டீச்சர், கழுத்தும் தோளும் இறுகியிருந்தால் இளஞ்சூட்டில் எண்ணெய் தடவி லேசாக நீவிக்கொள்ளுங்கள், சுகமாக இருக்கும். கன்னத்தில் யாரும் அழுத்திப் பிடிக்க விடாதீர்கள். இந்த நோய் அதில் தீரும் என்று பணம் வாங்குகிறவரிடம் போகாதீர்கள்.

பேச்சிப்பாறை ரப்பர் | ஜூலை 20, மாலை 4.30

எனக்கு இந்த வலி ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. வலது பக்கம். ரப்பர் வெட்டுகிறவன். அதிகாலை நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால், அந்தப் பட்டை இறுக்குவதால்தான் வலிக்கிறது என்று நினைத்துப் பட்டையை மூன்று முறை மாற்றினேன். கிராம்பு எண்ணெய், தைலம், வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக் மட்டும் ஒன்பது மாதம் தினமும் போட்டேன். முகவலி அப்படியே இருந்தது, வயிறு புண்ணாகிப் போனதுதான் மிச்சம்.

திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதினார். இரவு மட்டும். மருந்துக் கடையில் கொடுத்த தாளைப் படித்தால் 'மனச்சோர்வுக்கு' என்று இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார் என்று மாத்திரையைத் தூக்கி எறிந்தேன். எட்டு மாதம் வீணாகப் போனது. மறுபடி போனபோது அவர் திட்டவில்லை, உட்காரவைத்துச் சொன்னார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு 75 மி.கி.யும் அதற்கு மேலும். வலிக்குக் கொடுப்பது அதில் ஒரு சிறு பங்கு. வலியை உடம்பே அடக்கிக்கொள்ள மூளையில் இருந்து கீழே இறங்கும் ஒரு வழி இருக்கிறதாம், இந்த மருந்து அந்த வழியைப் பலப்படுத்துகிறதாம்.

10-இல் தொடங்கி, வாரக்கணக்கில் பொறுத்து, 25 வரை ஏறினேன். முதல் ஐந்து நாள் காலையில் எழவே முடியவில்லை. கையில் கத்தி பிடிக்கும் தொழில், அதனால் அந்த வாரம் வெட்டுக்குப் போகவில்லை. வாய் உலர்ந்தது. நான்காவது வாரம் ஒரு நாள் கடைசி மரம் வரை வெட்டிவிட்டுத் திரும்பும்போது, வலியை நினைக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வலி முழுதாகப் போகவில்லை. இப்போதும் மாதத்தில் நான்கைந்து நாள் வரும். ஆனால் என் நாள் என் கையில் இருக்கிறது.

மார்த்தாண்டம் பல் மருத்துவர் | ஜூலை 20, இரவு 9.10

ரப்பர் அண்ணாச்சி எழுதியதில் ஒரு சொல்கூட நான் மாற்ற மாட்டேன். சேர்ப்பது இரண்டுதான். கண்ணில் நீர் அழுத்த நோய், இதயத் துடிப்பில் கோளாறு, சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள் இந்த மருந்தைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். தொடங்கிய பிறகு திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டுலோக்சிடின் போன்ற வேறு மருந்துகளும் உண்டு.

தக்கலை டீச்சர் | ஜூலை 20, இரவு 10.45

அப்படியானால் இது மனதில் இருந்து வருகிறதா, நரம்பில் இருந்து வருகிறதா? என் மாமியார், "பள்ளிக்கூட டென்ஷன்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. சென்ற ஆண்டு என் தங்கை தவறிய மாதத்தில்தான் வலி கூடியது. அதை மருத்துவரிடம் சொல்லவே பயம். சொன்னால் உடனே மனம் என்று எழுதிவிடுவார்கள்.

குளச்சல் அலை | ஜூலை 21, காலை 6.30

டீச்சர், தங்கைக்காக வருந்துகிறேன்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் ஒன்று தெரியும். 2004 டிசம்பர் 26-இல் எங்கள் கடற்கரையைக் கடல் எடுத்துக்கொண்டு போனது. அதன் பிறகு பல மாதம், இரவில் அலை கொஞ்சம் இரைந்தாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். கடல் அமைதியாகத்தான் இருந்தது. எங்கள் காது மாறியிருந்தது. முன்பு தாலாட்டாகக் கேட்ட சத்தம், பிறகு ஆபத்தாகக் கேட்டது. ஓடியவர்கள் யாரும் நடிக்கவில்லை. காலில் முள் குத்தியது உண்மை, மூச்சு இரைத்தது உண்மை. அந்தப் பல் பிடுங்கிய நாட்களில் உங்கள் முகத்து நரம்புக்கு அப்படி ஏதோ நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்த்தாண்டம் பல் மருத்துவர் | ஜூலை 21, பகல் 1.20

குளச்சல் தம்பி சொன்னதைத்தான் நாங்கள் மைய நரம்பு மண்டலம் கூருணர்வு அடைவது என்று படிக்கிறோம். நீண்ட நாள் வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால், அதைப் பெறும் இடம் கூர்மையாகிவிடுகிறது. சாதாரணத் தொடுகையும் தாடை அசைவும் அங்கே வலியாகப் படிக்கப்படுகின்றன. இந்த நோயின் முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை, அதனால்தான் பெயரிலேயே 'காரணம் அறியப்படாத' என்று நிற்கிறது. ஆனால் கூருணர்வுக்கு அதில் பங்கு இருக்கிறது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தூக்கமின்மை, துக்கம், பயம் எல்லாம் அதே மூளையில் அதே பாதைகளைத் தொடுகின்றன. ஆகவே தங்கையின் மறைவு வலியைக் கூட்டியது என்றால், வலி பொய் என்று அதற்குப் பொருள் இல்லை. மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வலியோடு வாழும் விதத்தைக் கற்றுத்தரும் உளவியல் பயிற்சியும் இந்த நோய்க்கான சிகிச்சையில் ஒரு பகுதி. மருந்தோடு சேர்த்துத் தருவார்கள்.

எங்கே போவது என்றால், முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீட்டு எடுத்துப் பொது மருத்துவரைப் பாருங்கள், அவர் நரம்பியலுக்குக் கைகாட்டுவார். திருவனந்தபுரம் போக முடிந்தாலும் சரி. எடுத்த எல்லா ஸ்கேன்களையும் தேதி வரிசையில் கட்டிக் கொண்டுபோங்கள். பிடுங்கிய இரண்டு பற்களின் எக்ஸ்ரே இருந்தால் மிகவும் நல்லது.

தாடைப் பயிற்சி | ஜூலை 22, காலை 7.00

நான் இயன்முறை மருத்துவர், நாகர்கோவில். தாடை மூட்டையும் ஒருவர் பார்த்துவிட வேண்டும். டீச்சர், இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? வாய் மூடியிருக்கும்போது உதடுகள் மட்டும் தொட வேண்டும், பற்கள் விலகியிருக்க வேண்டும். வகுப்பில் கத்திப் பேசுகிறவர்கள், விடைத்தாள் திருத்தும்போது பல்லைக் கடிக்கிறவர்கள் தசையை நாள் முழுவதும் வேலை வாங்குகிறார்கள். அதுவே முழுக் காரணமாக இருக்காது. ஆனால் எரிகிற அடுப்பில் விறகு தள்ள வேண்டாம்.

தக்கலை டீச்சர் | ஜூலை 22, காலை 7.04

தொட்டுக்கொண்டுதான் இருந்தன!

தக்கலை டீச்சர் | ஆகஸ்ட் 9, இரவு 8.15

ஆசாரிப்பள்ளம் போனேன். இரண்டு முறை போக வேண்டியிருந்தது. ஒரு இளம் மருத்துவர் பஞ்சால் என் முகத்தை ஒவ்வொரு இடமாகத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எங்கே என்று சொல்லச் சொன்னார். பிறகு பல்லைக் கடிக்கச் சொல்லித் தாடையைப் பிடித்துப் பார்த்தார். 14 மாதங்களில் என் முகத்தை யாரும் இப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. எல்லோரும் ஃபிலிமைத்தான் பார்த்தார்கள். தங்கையைப் பற்றிச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

நீங்கள் சொன்ன அதே நோயின் பெயரைத்தான் சீட்டில் எழுதினார். அமிட்ரிப்டிலின் 10 மி.கி., இரவு எட்டு மணிக்கு. முன்னதாக ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தினமும் வலிக்கு 0 முதல் 10 வரை எண் போட்டுக் குறிப்பு எழுதச் சொன்னார். வாரத்துக்கு ஏழு எண், அதற்கு மேல் எழுத வேண்டாம், நாள் முழுவதும் வலியைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

முதல் வாரம்: 7, 7, 8, 7, 6, 7, 7. தலை பாரம், வாய் பஞ்சு போல. இரண்டாவது வாரமும் பெரிய மாற்றம் இல்லை. விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

பேச்சிப்பாறை ரப்பர் | ஆகஸ்ட் 9, இரவு 8.40

விடாதீர்கள் டீச்சர். நான் விட்டு எட்டு மாதம் இழந்தேன். ஆறு வாரம் ஆகாமல் இந்த மருந்தைக் குறை சொல்ல முடியாது. வாய்க்குச் சிறு சிறு மடக்காகத் தண்ணீர் குடியுங்கள். மிட்டாய் வேண்டாம், இருக்கிற பல்லையாவது காப்பாற்ற வேண்டும்.

மார்த்தாண்டம் பல் மருத்துவர் | ஆகஸ்ட் 10, காலை 6.45

ஆமாம். வாய் உலர்ந்தால் சொத்தை விரைவில் பிடிக்கும். இரவு ஃபுளோரைடு பற்பசையால் துலக்கிவிட்டு, நுரையை மட்டும் துப்புங்கள். தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம்.

தக்கலை டீச்சர் | நவம்பர் 2, மாலை 6.20

யாராவது தேடி வந்து இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். இப்போது 25 மி.கி. சென்ற வாரத்து எண்கள்: 4, 3, 4, 5, 3, 3, 4. ஒரு நாளும் 0 வரவில்லை. வரும் என்று மருத்துவரும் வாக்குக் கொடுக்கவில்லை. மாதம் இரண்டு முறை ஒரு உளவியல் ஆலோசகரைப் பார்க்கிறேன். கரும்பலகையின் மூலையில் ஒரு சிறிய புள்ளி வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்களை விலக்கி, தோளைத் தளர்த்துவேன். குழந்தைகளுக்கு அது என்ன என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மரச்சீனிக் கிழங்கும் மத்திக் குழம்பும் செய்தோம். ஓர் ஆண்டுக்கு மேலாக வலது பக்கமாகவே மென்று பழகிவிட்டேன். அன்று வீட்டுக்காரர், "இந்தப் பக்கமும் ஒரு வாய் மென்று பார்" என்றார். வெந்த கிழங்கை இடது பக்கம் வைத்து, பல் இல்லாத இடத்துக்குப் பின்னால் இருக்கும் பல்லால் மெதுவாக அழுத்தினேன். உளைச்சல் இருந்தது, கூடவில்லை. இரண்டாவது வாயும் அந்தப் பக்கமே சாப்பிட்டேன்.

டாக்டர், அந்த இடைவெளிக்குப் பல் கட்டலாமா, இல்லை இப்போதைக்கு விடலாமா?

மார்த்தாண்டம் பல் மருத்துவர் | நவம்பர் 2, இரவு 9.30

இப்போதைக்கு விடுங்கள். எலும்பில் துளை போட்டு நடும் பல் பற்றி யார் பேசினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எண்கள் ஆறு மாதமாவது இப்படியே நின்ற பிறகு, கழற்றி மாட்டும் வகை ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். அதையும் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே செய்வோம். கிழங்கு சாப்பிட்ட செய்தி எனக்குப் பெரிய மகிழ்ச்சி டீச்சர்.